வறுமை ஒழிப்புத் திட்டத்தில் யாருக்குக் கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

வளரும் நாடுகளில் அரசு கொடுக்கும் உதவிப் பணம் ஏழைகளுக்கு மட்டும் போக வேண்டுமா, எல்லோருக்கும் போக வேண்டுமா, அப்படிக் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா, கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் ஒரு அரசு முதலில் எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி போல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தேவைப்படுகிற எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதாது, அப்படியானால் யார் வெளியே நிற்பது, அதை எந்த அளவுகோலை வைத்துத் தீர்மானிப்பது? பயனாளிகளைப் பதிவு செய்வது, பணத்தை அவர்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, விடுபட்டவர்களின் புகாரைக் கேட்பது, இவற்றில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. அதனால் என் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மருத்துவக் காப்பீடு, சம்பளத்தில் பிடித்தம் செய்து தரும் ஓய்வூதியம் போன்றவையும் சமூகப் பாதுகாப்பில் வரும், ஆனால் அவை என் கையில் பழகியவை அல்ல, அவற்றை இங்கே தொடவில்லை.

சோம்பேறி கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடம் ரொம்பக் குறைவு. அபிஜித் பானர்ஜி, ரெமா ஹன்னா, பெஞ்சமின் ஓல்கன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழு பணப் பரிமாற்றத் திட்டங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட ஆய்வுகள். பணம் வாங்கிய குடும்பங்களில் பெரியவர்கள் வேலை செய்வது குறைந்ததாக எங்கும் ஒரு போக்கு தெரியவில்லை. குடிக்கும் புகைக்கும் போய்விடும் என்ற பயத்துக்கும் இதே கதிதான், பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அந்தச் செலவு ஏறவில்லை. வேலை குறைகிற இடம் எது என்றால் பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைகிறது, வயதானவர்கள் கடைசியில் கொஞ்சம் ஓய்வெடுக்கிறார்கள், இரண்டும் நாம் விரும்புகிறவைதான். தென்னாப்பிரிக்காவில் பாட்டிக்கு ஓய்வூதியம் வர ஆரம்பித்ததும் வீட்டிலிருந்த இளையவர்கள் வேலை தேடி வெளியூர் போவது கூடியது, பயணச் செலவுக்குக் கையில் காசு இருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டிக்கும் வழி இருந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் கொடுக்கும் தொகையே சிறியது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட யாராலும் முடியாது.

சரி, யாருக்குக் கொடுப்பது? ஏழைகளுக்கு மட்டும் என்று சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பணக்கார நாட்டில் சம்பளப் பதிவு உண்டு, வரிக் கணக்கு உண்டு. உலகத்தில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 200 கோடி பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. இவர்களுடைய வருமானம் எந்தத் தாளிலும் இல்லை. அதனால் பல நாடுகள் ஒரு மாற்று வழியைப் பிடித்தன. வீட்டின் கூரை என்ன, சுவர் என்ன, எத்தனை பேர், ரேடியோ இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, கூட்டி, ஒரு கோட்டுக்குக் கீழே வந்தால் ஏழை, மேலே போனால் இல்லை. காகிதத்தில் அறிவியல் மாதிரி இருக்கும். களத்தில் நடப்பது வேறு. ஒரு கணக்கெடுப்பில் நான் பார்த்த வீடு இது: கணவரை இழந்த பெண், மூன்று சின்னப் பிள்ளைகள், புயலுக்குப் பிறகு ஒரு நிவாரண அமைப்பு கொடுத்த தகரத்தைக் கூரையாகப் போட்டிருந்தார். படிவத்தில் தகரம் என்று குறித்ததும் மதிப்பெண் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் ஓலைக்கூரைதான், ஆனால் மகன் நகரத்திலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறான், அதைக் கேட்கப் படிவத்தில் இடமே கிடையாது. கணக்கெடுக்க வந்த இளைஞருக்கு இரண்டு வீட்டு நிலைமையும் நன்றாகத் தெரிந்தது. அவரால் எதையும் மாற்ற முடியாது, கையிலிருந்த கருவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் போட முடியும்.

தனி ஒரு வீட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மார்ட்டின் ரவாலியன் உட்பட மூவர் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் தரவை வைத்து இந்த முறையைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வசதியானவர்கள் உள்ளே நுழைவதை இது ஓரளவு தடுக்கிறது, ஆனால் அதற்கு விலையாக ஏழைகளில் ஏராளமானவர்களையும் வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கார் வைத்திருப்பவர் பட்டியலில் இருந்தால் செய்தி வரும், விசாரணை வரும். பட்டியலில் இல்லாத ஏழைப் பெண்ணைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை, அவர் வெளியே இருக்கிறார் என்பதே அலுவலகத்துக்குத் தெரியாது. அதனால் எந்த நிர்வாகமும் தானாகவே முதல் தவறைக் குறைக்கத்தான் உழைக்கும், இரண்டாவது வளர்ந்துகொண்டே போகும். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் கவனம் போகும்.

இன்னொரு சிக்கல், ஏழைகள் என்பது நிலையான ஒரு கூட்டம் கிடையாது. அனிருத் கிருஷ்ணா இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டு எழுதினார். ஒரு பக்கம் சிலர் வறுமையிலிருந்து ஏறிக்கொண்டிருக்க, அதே ஊரில் வேறு சிலர் உள்ளே விழுந்துகொண்டிருக்கிறார்கள், விழுவதற்கு மிகப் பெரிய காரணம் நோயும் மருத்துவச் செலவும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பட்டியல் எடுத்த நாளுக்கு மட்டும்தான் சரி. நடுவில் விழுந்தவர் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊர்க்காரர்களையே கூட்டி வைத்துக் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். இந்தோனேசியாவில் 640 ஊர்களில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செலவுக் கணக்கை வைத்து அளந்தால் மதிப்பெண் முறை கொஞ்சம் துல்லியமாக இருந்தது, ஆனால் ஊர்க்கூட்டத்தில் தேர்ந்தெடுத்த இடங்களில் மக்களுக்குத் திருப்தி அதிகம், சண்டை சச்சரவு குறைவு. ஊர்ப் பெரியவர்கள் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு அங்கே பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் சாதி, இனம், கட்சி என்று பிளந்து கிடக்கும் இடத்திலும் இப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது.

அப்படியானால் எல்லோருக்குமா? இங்கே கருத்து வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். இருக்கிற பணத்தை எல்லோருக்கும் பிரித்தால் தலைக்கு வருவது சொற்பமாகிவிடும், குறைபாடுகள் இருந்தாலும் ஏழைகளை மட்டும் இலக்கு வைத்துக் கொடுத்தால்தான் ஏழைக்குக் கிடைக்கும் தொகை பெரிதாக இருக்கும் என்று ஹன்னாவும் ஓல்கனும் இந்தோனேசியா, பெரு தரவுகளை வைத்து வாதிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தப்பு இல்லை. எதிர்ப்பக்கம், நடுத்தர மக்களும் வாங்குகிற திட்டத்தைத்தான் அரசியல்வாதி வெட்டப் பயப்படுவார், ஏழைக்கு மட்டும் என்றால் நாளடைவில் அது சுருங்கும் என்கிறது. எனக்கும் இது நம்பத்தகுந்ததாகத்தான் படுகிறது, ஆனால் எல்லா நாட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பாதை. ஒரு வயது வரம்பையோ உடல் நிலையையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் வருகிற அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுவது. நேபாளம் 1995இல் 75 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது, பிறகு வயதையும் தொகையையும் மாற்றிக்கொண்டே வந்தது. லெசோத்தோ 2004இல் 70 வயதில் தொடங்கியது. பொலிவியா 2008 முதல் தன் முதியோர் உதவித்தொகைக்கு இயற்கை எரிவாயு, எண்ணெய் வரியைப் பயன்படுத்தியது. இவை பணக்கார நாடுகள் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிகவும் ஏழை நாடுகளில் 65 வயதைக் கடந்தவர்கள் 100க்கு 3 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்து வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொருவருக்கும் கொடுத்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.3 சதவீதம் ஆகும், நிர்வாகச் செலவு தனி. அதே தொகையை ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால் அவர்கள் 100க்கு 15 பேர் இருப்பார்கள், செலவு 1.5 சதவீதத்துக்கு ஏறிவிடும். குழந்தையில் தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்கும் தோன்றும், ஆனால் பணம் இவ்வளவுதான் என்றால் முதியவர், மாற்றுத்திறனாளி என்று தொடங்கி, பிறகு பிறந்த குழந்தையிலிருந்து ஒவ்வொரு வயதாக ஏறுவது நடக்கக்கூடியது. முதியவருக்குக் கொடுப்பது குழந்தைக்குப் போகாது என்றும் நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பாட்டிக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல்நிலை தேறியதை எஸ்தர் டஃப்லோ காட்டினார். தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. பணம் யார் கைக்குப் போகிறது என்பது முக்கியம்.

பிரேசில் வேறு வழியில் போனது. 2003இல் சிதறிக் கிடந்த நான்கு திட்டங்களை ஒன்றாக்கி போல்சா ஃபமிலியா என்று கொண்டுவந்தார்கள். வருமானத்தை மக்களே வாயால் சொல்வார்கள், நகராட்சி எழுதிக்கொள்ளும், மத்தியில் ஒரே பதிவேட்டில் சேரும், பிறகு மற்ற அரசுத் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். மக்கள் தொகையில் சுமார் கால் பங்குக்குப் போன அந்தத் திட்டத்துக்கு மொத்த உற்பத்தியில் அரை சதவீதம் அளவில்தான் செலவானது. இலக்கு வைத்த திட்டம் நன்றாக நடக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அதற்குப் பின்னால் வேலை செய்கிற நகராட்சிகளும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் பதிவேடும் இருந்தன. அது இல்லாத நாட்டில் இந்தத் திட்டத்தை அப்படியே தூக்கி வைத்தால் பெயர் மட்டும்தான் வந்து சேரும்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். யாருக்கு என்ற விவாதத்தில் வருடங்கள் போகின்றன, பணம் போய்ச் சேருகிற கடைசி நூறு அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பணம் கொடுக்கும் இடத்தில் ஒருநாள் நின்று பார்த்தால் புரியும். வாழ்நாள் முழுக்க மண்ணில் வேலை செய்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் கட்டைவிரலை ஏற்காது, துணியில் துடைத்து இன்னொரு விரலை வைப்பார், அதையும் ஏற்காது, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு அன்றைய கூலி போயிற்று, வந்த செலவு போயிற்று. கணக்கில் மட்டும் பணம் மிச்சமாகத் தெரியும், திருட்டைத் தடுத்ததாகக்கூட அறிக்கையில் எழுதப்படலாம். கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் இந்தியாவில் இரண்டு மாநிலங்களில் செய்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். ஆந்திராவில் கைரேகை அட்டை மூலம் வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கொடுத்தபோது பணம் வேகமாகச் சேர்ந்தது, கசிவு குறைந்தது. அட்டை இல்லாதவருக்குப் பழைய வழியிலும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டில் ரேஷனுக்குக் கைரேகை கட்டாயம் ஆக்கியபோது கசிவு குறைந்ததாகத் தெரியவில்லை, அலைச்சல் கூடியது, ஆதார் எண்ணை இணைக்காதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்துவந்ததும் நின்றுபோனது. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட அதேதான். எதற்காகக் கொண்டுவந்தார்கள், தோற்றால் மாற்று வழி இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

தேதி தவறாமல் வருவதும் தொகையைப் போலவே முக்கியம். எத்தியோப்பியா 2005 வரைக்கும் ஒவ்வொரு வருடமும் பஞ்ச நிவாரணத்துக்கு உலகத்திடம் கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் இதை மாற்ற வந்தது, பஞ்சம் வருமா வராதா என்று பார்க்காமல் பல வருடங்களுக்கு முன்கூட்டியே உறுதி செய்த உதவி, வேலை செய்ய முடிந்தவருக்குப் பொதுப் பணி, முடியாதவருக்கு நேரடியாக. அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு குடும்பம் ஆட்டை விற்காமல் வைத்திருக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருக்கும். எப்போது வரும் என்று தெரியாத பணத்தால் அந்த முடிவுகள் மாறுவதில்லை.

அப்புறம் விலைவாசி. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, பதிலுக்கு தலைக்கு மாதம் 4,55,000 ரியால் என்று மக்கள் கணக்கில் போட ஆரம்பித்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் போனது, ஆரம்பத்தில் ஏழைகளுக்கு அது உண்மையிலேயே பெரிய பணம். பிறகு விலை ஏறியது, தொகை வருடக்கணக்கில் அப்படியே நின்றது, பணவீக்கம் அதைத் தின்றுவிட்டது. எவரும் திட்டத்தை ரத்து செய்யவில்லை, ஆனாலும் அது கரைந்தது. விலைவாசிக்கு ஏற்றபடி தொகை உயரும் என்று சட்டத்திலேயே எழுதாவிட்டால் எந்தத் திட்டத்துக்கும் இதுதான் நடக்கும்.

பிள்ளை பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற நிபந்தனை வேண்டுமா என்பதில் நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். மெக்சிகோ 1997இல் ப்ரோக்ரெசாவைத் தொடங்கியபோது தாய்மார் கையில் பணம், பள்ளி வருகை, மருத்துவப் பரிசோதனை, மேல் வகுப்பில் பெண் பிள்ளைக்குக் கூடுதல் தொகை என்று வைத்தது, 506 ஊர்களை வைத்து முறையாக ஒப்பிட்டுப் பலனைக் காட்டியது, அதனாலேயே ஆட்சி மாறியும் பெயர் மாறியும் 2019 வரை தாக்குப்பிடித்தது. மலாவியில் இளம்பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் பள்ளி வருகைக்கு நிபந்தனை உதவியது. ஆனால் படிப்பை நிறுத்திவிட்ட பெண்களிடையே இளவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைத்தது நிபந்தனை இல்லாத பணம். நிபந்தனை தவறியதும் பணத்தை நிறுத்தினால் மிகவும் உதவி தேவைப்படும் பெண்ணிடமிருந்துதான் முதலில் நிறுத்துகிறோம். பக்கத்தில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இல்லாத இடத்தில் நிபந்தனை போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

பணம் மட்டும் போதுமா என்றால் போதாது. உகாண்டாவில் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கக் கொடுத்த மானியம் நான்கு வருடத்தில் நல்ல பலன் காட்டியது, ஒன்பது வருடத்தில் வாங்காதவர்களும் வருமானத்தில் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பிராக் அமைப்பு வங்கதேசத்தில் 2002இல் தொடங்கிய முறை, ஆடு மாடு மாதிரி ஒரு சொத்து, கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, வாராவாரம் வந்து பார்ப்பது, இது ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டு 2015இல் முடிவு வெளியானது. பெரும்பாலான இடங்களில் பலன் நின்றது. ஹோண்டுராஸில் பலர் கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள், நோய் வந்து அவை செத்துப்போயின. பிலிப்பைன்ஸில் ஒதுக்குப்புற ஊர்களில் பெரும்பாலானோர் உதவி வாங்கியபோது முட்டை போன்றவற்றின் விலை ஏறி, உதவி கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. கென்யாவில் பெரிய அளவில் பணம் கொடுத்த பகுதியில் விலை ஏற்றம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, வாங்காத வீடுகளும் பயன்பெற்றன. பொருள் வந்து சேர சாலையும் சந்தையும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சீனாவிலும் வியட்நாமிலும் கோடிக்கணக்கானவர்கள் வறுமையிலிருந்து ஏறியது பெரும்பாலும் விவசாயமும் வேலைவாய்ப்பும் வளர்ந்ததால். உதவித்தொகை விழாமல் பிடிக்கும், அந்த இடத்தை அது நிரப்பாது.

தொடக்கத்துக்கு வருகிறேன். மக்கள்தொகைப் பதிவும் அடையாள அட்டையும் எவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவருக்கு வயதை எப்படி ஒப்புக்கொள்வது என்பதை முன்பே தீர்மானியுங்கள், ஊராரின் சாட்சியை ஏற்பது போல. பணம் கொடுக்கும் வழியைக் கட்டும்போது இப்போது வாங்காதவர்களையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். கென்யாவின் வடக்கு மாவட்டங்களில் இப்படித்தான் வழக்கமாக வாங்காத குடும்பங்களுக்கும் கணக்கு திறந்து வைத்திருந்தார்கள், வறட்சி வந்தபோது அவர்களுக்கும் பணம் போட முடிந்தது. டோகோ 2020இல் ஊரடங்கின்போது வாக்காளர் பட்டியலையும் கைபேசியையும் வைத்துச் சில நாட்களில் பணம் அனுப்பியது. ஆனால் கைபேசி இல்லாதவர் அந்த வலையில் விழமாட்டார். புகார் கேட்க ஒரு ஆள், அவருக்குப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம், பதில் சொல்ல ஒரு காலக்கெடு, இவை முதல் வருட பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதியில் மூன்று வருட மாதிரித் திட்டம் என்று தொடங்கினால், நான்காவது வருடம் யார் பணத்தில் ஓடும் என்று நிதி அமைச்சகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் வயது வரம்பை உயர்த்தி, ஆனால் அதற்குள் வருகிற யாரையும் விடாமல், சின்னதாகத் தொடங்குவதே மேல். 70 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்ற சின்னத் திட்டத்தை அடுத்த வருடம் 68க்கு இறக்கலாம், பாதி மாவட்டத்தில் பாதி ஏழைகளுக்கு என்று தொடங்கியதை விரிப்பது அதைவிடக் கடினம்.

எந்த நாட்டை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று சொன்னால் அந்த நாட்டின் வயதுவாரி மக்கள்தொகையை வைத்து எந்த வயதில் தொடங்கினால் எவ்வளவு ஆகும் என்று இங்கேயே போட்டுக் காட்டுகிறேன்.